நமது சமூகக் கூடமும் அதைச் சூழ்ந்த நிலமும்



ஜூபிலி மலரில் வரலாறு எழுதுகிறவர்கள் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டிய நாளையும், கோபுரத்தின் உயரத்தையும், முந்திய பங்குத்தந்தையரின் பெயர்ப் பட்டியலையும் எழுதுவது வழக்கம். அவையெல்லாம் இம்மலரின் பிற பக்கங்களில் இடம் பெற்றுள்ளன. நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுத் தாழ்வானது. நமது சமூகக் கூடத்தின் சுவர்களுக்கு வெளியே, சுற்று மதிலுக்கு உள்ளே, வெறுமனே கிடக்கின்ற நிலத்தைப் பற்றியே எழுதப் போகிறேன்.

இதற்குக் காரணம் உண்டு. ஜூபிலி ஆண்டின் வேலைத் திட்டத்தில், கூடத்து வளாகம் முழுவதும் பேவர் பிளாக் கல் பதித்து வாகனம் நிறுத்த வசதி செய்வது என்று ஓர் அம்சம் இருந்தது. மழைக் காலத்தில் அங்கே சேறு, கோடையில் புழுதி. கார் நிறுத்த இடமில்லையென்று திருமண வீட்டார் வேறு மண்டபம் தேடிப் போய்விடுகிறார்கள். பங்குப் பேரவையில் இத்திட்டத்தை முதலில் ஆதரித்துப் பேசியவன் நானே. கிழக்கு மூலையில் நிற்கும் வேப்பமரம் இடைஞ்சலாக இருக்கிறது, அதை எடுத்துவிடலாம் என்று சொன்னவனும் நானே. இதை மறைத்து எழுதினால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

சித்திரை மாதத்தில் கூடத்திலே கண் மருத்துவ முகாம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். காலை 10 மணியளவில் வெளியே வந்து பார்த்தேன். மக்கள் நின்ற வரிசை கதவிலிருந்து நேராக வெளிவாசலுக்குப் போகவில்லை. கதவருகே தொடங்கி, வளைந்து, வேப்பமரத்து நிழலுக்குள் போய்ச் சுருண்டு நின்றது. உச்சி வேளையில் நிழல் மரத்தடியில் சுருங்கியது. வரிசையும் அதனோடு நகர்ந்து மரத்தடியில் குவிந்தது. வந்தவர்களில் பலர் நம் பங்கைச் சேர்ந்தவர்கள் அல்லர். நமது கூடத்தை வாடகைக்கு எடுக்கும் வசதி படைத்தவர் அவர்களில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். அன்று அவர்களுக்கு நமது கூடம் என்பது அந்த ஒரு மரத்தின் நிழலே.

அந்தக் காட்சி என்னை விடவில்லை. பொதுக்கூடம் ஒன்றைச் சுற்றியுள்ள நிலம் யாருக்கு உரியது, அதை முன்னோர்கள் எப்படிப் போற்றினார்கள் என்று வரலாற்று நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். கண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

மரத்தடியே முதற்கூடம்

கட்டிடம் எழுப்பாத காலத்திலும் நம் தமிழ் முன்னோர்க்குச் சமூகக் கூடம் இருந்தது. சங்க நூல்கள் அதனை மன்றம் என்றும் பொதியில் என்றும் குறிக்கின்றன. பொது இல் என்பதே பொதியில் ஆயிற்று. எல்லோருக்கும் உரிய வீடு என்பது அதன் பொருள். அந்த வீட்டிற்குக் கூரையாக நின்றது பெரும்பாலும் ஒரு மரமே. மன்றத்து வேம்பும் மன்றத்துப் பலாவும் புறநானூற்றில் இடம் பெறுகின்றன.

ஆய் என்னும் வள்ளலைப் பாடிய புலவர் ஒருவர் காட்டும் காட்சி இங்கே நினைக்கத் தக்கது. உதவி நாடி வந்த இரவலர் தம்முடைய முழவை மன்றத்துப் பலாமரக் கிளையில் தொங்கவிட்டிருந்தார்களாம். மரத்திலிருந்த குரங்கு அதனைப் பலாப்பழம் என்று எண்ணித் தட்டியதாம். நகைச்சுவைக்காக நாம் இதனைப் படிக்கிறோம். ஆயினும் ஓர் உண்மையைக் கவனியுங்கள். வெளியூரிலிருந்து வந்த ஏழை இரவலர் யாரையும் கேளாமல் தம் முழவை அம்மரத்தில் மாட்டிவிட்டு இளைப்பாற முடிந்தது. மன்றம் தமக்கும் உரியது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பிற்காலத்தில் மன்றம் என்ற சொல் கட்டிடத்திற்குள் குடியேறிவிட்டது. இன்று ஊராட்சி மன்றம் என்கிறோம், நீதிமன்றம் என்கிறோம், சட்டமன்றம் என்கிறோம். மரம் போய்விட்டது, அதன் பெயர் மட்டும் சுவருக்கு வந்து சேர்ந்தது.

திருச்சபையின் முற்றங்கள்

நமது திருச்சபையின் வரலாற்றிலும் கட்டிடத்திற்கு வெளியேயுள்ள நிலத்திற்குத் தனிச் சிறப்பு உண்டு. நாம் செபங்களில் பயன்படுத்தும் பரதீசு என்ற சொல் பழைய பாரசீக மொழியிலிருந்து கிரேக்கத்தின் வழியாக வந்தது. மதில் சூழ்ந்த தோட்டம் என்பது அதன் முதற்பொருள். நான்காம் நூற்றாண்டில் உரோமையில் கட்டப்பட்ட பழைய புனித பேதுரு பேராலயத்தின் முன்புறத்தில் ஒரு பெரிய முற்றமும் நீரூற்றும் இருந்தன. அந்த முற்றத்திற்கே பரதீசு என்று பெயர் வழங்கியது.

அந்த நூற்றாண்டின் இறுதியில் பம்மாக்கியுஸ் என்ற உரோமைச் செனட்டர் இறந்துபோன தம் மனைவி பவுலினாவின் நினைவாக நகரத்து ஏழைகளையெல்லாம் அங்கே அழைத்து விருந்தளித்தார். கூட்டம் ஆலயத்தை நிரப்பி, முற்றத்தையும் நிரப்பியதென்று நோலா நகரத்துப் புனித பவுலினுஸ் அவருக்கு எழுதிய கடிதத்தில் புகழ்ந்துரைக்கிறார். செல்வரின் நினைவு விருந்தில் ஏழைகள் அமர்ந்த இடம் ஆலய முற்றம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கு நூலில், கூடுமானவரை நீர், ஆலை, தோட்டம் முதலிய தேவைகள் அனைத்தும் மடத்து எல்லைக்குள்ளேயே அமைய வேண்டுமென்று கூறினார். இதனை எப்படிச் செயற்படுத்த விரும்பினார்கள் என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்று இன்றும் சுவிட்சர்லாந்து நாட்டில் புனித காலென் மடத்து நூலகத்தில் உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோல் தாளில் வரையப்பட்ட அந்தப் படத்தில் காய்கறித் தோட்டத்திற்கு 18 பாத்திகள் காட்டப்பட்டுள்ளன. நோயாளர் இல்லத்தின் அருகே மூலிகைத் தோட்டத்திற்கு 16 பாத்திகள். துறவியரின் கல்லறைத் தோட்டத்தில் கல்லறைகளுக்கிடையே பழமரங்கள். கட்டிடம் கட்டி முடித்தபின் மிஞ்சிய இடத்தில் செடி வைப்போம் என்று அவர்கள் எண்ணவில்லை. நோயாளி எங்கே படுத்திருப்பார் என்று பார்த்து அதற்கு அருகில் மூலிகைக்கு இடம் ஒதுக்கினார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெரிய ஆல்பர்ட் இயற்கை நூல் வல்லுநர்களின் பாதுகாவலர். செடி கொடிகளைப் பற்றி எழுதிய நூலில் மக்கள் அமர்ந்து மகிழும் தோட்டத்தை எப்படி அமைப்பது என்றும் அவர் விளக்கியுள்ளார். நடுவே புல்வெளி, அமர்வதற்குப் புல் படர்ந்த திண்ணை, நிழல் மரங்கள் ஓரங்களில், நறுமணச் செடிகள், இயன்றால் ஒரு நீரூற்று. நடுவிலே மரம் வைத்து அடைக்காமல் காற்று உலவ விட வேண்டும் என்பது அவர் கருத்து. இன்றும் தோட்டக்கலை வல்லார் கூறுவது ஏறக்குறைய இதுவே.

அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் மற்றொன்றும் சேர்த்தார். மடத்துத் தோட்டம் முழுவதையும் காய்கறிக்கே ஒதுக்கிவிடாமல் ஒரு பகுதியைத் தொடாமல் விட்டுவிடுமாறு தோட்டம் பார்த்த சகோதரரிடம் அவர் கேட்டுக்கொண்டார். காட்டுப் பூக்கள் தாமாக முளைத்துப் படைத்தவரின் அழகை நினைவூட்ட வேண்டும் என்பதே அவரது ஆசை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலின் தொடக்கப் பகுதியில் இச்செய்தியை நமக்கு நினைவூட்டினார். பயன் தராத நிலம் வீண் நிலம் என்ற நமது கணக்குப் புனிதரின் கணக்கு அன்று.

இலண்டன் சேரியில் ஒரு தோட்டம்

மடங்களின் தோட்டம் மடத்து மதிலுக்குள் இருந்தது. ஏழைகள் நெருங்கி வாழும் பேட்டையின் நடுவே, அவர்களுடைய சமூகக் கூடத்தோடு சேர்த்து, அவர்களுக்கென்றே தோட்டம் அமைத்த வரலாற்றைத் தேடியபோது 19-ஆம் நூற்றாண்டு இலண்டன் மாநகரம் எதிர்ப்பட்டது. நமது பிரச்சினைக்கு மிக நெருங்கிய வரலாறு இதுவே. ஆகவே சற்று விரிவாகக் கூறுகிறேன்.

ஆக்டேவியா ஹில் என்னும் அம்மையார் 1838-ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் தொழிலில் நொடித்துப் போனதால் சிறு வயதிலேயே உழைக்க வேண்டியதாயிற்று. பொம்மை செய்து பிழைத்த ஏழைச் சிறுமியரை மேற்பார்க்கும் வேலையில் 14 வயதில் சேர்ந்தார். அச்சிறுமியர் வாழ்ந்த வீடுகளைப் பார்த்தவர், வாழ்நாள் முழுவதும் அதை மறக்கவில்லை. 1865-ஆம் ஆண்டில் அறிஞர் ஜான் ரஸ்கின் கொடுத்த பணத்தைக் கொண்டு மேரிலபோன் பகுதியில் மூன்று பழைய வீடுகளைப் பொறுப்பேற்றார். அந்தச் சந்தின் பெயர் பரதீசு என்று பொருள்படும் பாரடைஸ் பிளேஸ். பெயரில் மட்டுமே பரதீசு! வடிகாலைச் செப்பனிட்டு, கூரையைச் சரிசெய்து, வாடகையை ஒழுங்காக வாங்கி, அந்த வருமானத்திலிருந்தே வீடுகளைப் பழுதுபார்த்து ஏழைகளைக் குடியமர்த்தினார். அடுத்த ஆண்டிலேயே மற்றோர் இடத்தில் வீடுகளின் பக்கத்திலிருந்த நிலத்தைப் பிள்ளைகளின் விளையாட்டிடமாக மாற்றினார்.

வீடு மட்டும் போதாது என்று அவர் கண்டுகொண்டார். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் வாழும் குடும்பத்திற்கு வரவேற்பறை ஏது? ஆகவே ஏழைகளுக்குத் திறந்த வெளியே வரவேற்பறையாக வேண்டும் என்றார். நகரத்து மக்களுக்கு நான்கு வகையான இடங்கள் தேவை என்பது அவர் வகுத்த கணக்கு. அமர்வதற்கு ஓர் இடம், விளையாடுவதற்கு ஓர் இடம், நடந்து உலவ ஓர் இடம், விடுமுறை நாளை முழுதும் கழிக்க ஓர் இடம். முதல் இரண்டும் வீட்டுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். முதியவரும் குழந்தையும் தொலைவு நடக்க முடியாதல்லவா?

தேம்ஸ் நதியின் தென்கரையில் சதர்க் என்பது தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நிறைந்த பகுதி. ஆங்கிலத் திருச்சபையின் சொத்துகளை நிருவகித்த ஆணையர்களுக்கு அங்கே பழைய வீடுகள் இருந்தன. 1884-ஆம் ஆண்டில் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அம்மையாரிடம் வந்தது. அங்கே ரெட் கிராஸ் தெருவில் எரிந்துபோன காகிதத் தொழிற்சாலையின் நிலம் பாழாய்க் கிடந்தது. மருத்துவத் தொண்டு புரியும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தெருவின் பெயர் அது. அந்த இடம் தோட்டத்திற்காகக் கிடைத்தது.

கிடைத்த நிலம் எப்படி இருந்தது? எரிந்தும் எரியாமலும் மக்கிய காகிதம் அடிக்கணக்கில் படிந்து கிடந்தது. அதனை எரித்தும் அள்ளியும் அகற்றுவதற்கே வாரக்கணக்கில் ஆயிற்று. நல்ல மண் கொண்டுவந்து கொட்ட வேண்டியிருந்தது. எம்மலின் சீவ்கிங் என்னும் பெண்மணி தோட்டத்தை வகுத்தார். 1887-ஆம் ஆண்டில் உருவான அத்தோட்டத்தில் வளைந்து செல்லும் பாதைகள், ஒரு சிறு குளம், அதில் நீரூற்று, குளத்தின்மேல் ஒரு சிறு பாலம், இசைக்குழு அமரும் மேடை, மலர்ப் பாத்திகள், இருக்கைகள் ஆகியன இருந்தன. மழை நாளிலும் பிள்ளைகள் விளையாடுவதற்குக் கூரையிட்ட இடமும் உண்டு. விதைப்பவன் உவமையை நினைவூட்டும் வண்ணக்கல் சித்திரம் ஒன்று பின்னாளில் சுவரிலே பதிக்கப்பட்டது.

தோட்டத்தை ஒட்டி ரெட் கிராஸ் கூடம் எழுந்தது. அதன் அருகே தொழிலாளர்க்கான சிறு வீடுகளின் வரிசை. எலைஜா ஹூல் என்னும் கட்டிடக் கலைஞர் அவற்றை வரைந்தார். கூடமும் வீடுகளும் முதுகைக் காட்டி நிற்காமல் தோட்டத்தை நோக்கி நின்றன. கூடத்தில் இசை நிகழ்ச்சிகளும் நாடகங்களும் மலர்க் காட்சிகளும் நடைபெற்றன. கூட்டம் முடிந்தால் மக்கள் தோட்டத்திற்கு வருவார்கள்; தோட்டத்தில் இருந்தவர்கள் மழை வந்தால் கூடத்திற்குள் போவார்கள். இரண்டும் ஒன்றாகவே இயங்கின.

கூடத்துச் சுவர்களில் ஓவியங்கள் தீட்ட வேண்டுமென்று எண்ணியபோது மன்னர்களையோ தளபதிகளையோ அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சாதாரண மக்களின் தியாகத்தை வரையுமாறு ஓவியர் வால்டர் கிரேனிடம் கேட்டுக்கொண்டார்கள். அவ்வாறு வரையப்பட்டவர்களுள் ஆலிஸ் அயர்ஸ் என்ற இளம்பெண்ணும் ஒருவர். அதே சதர்க் பகுதியில் தம் சகோதரியின் வீட்டில் வேலை செய்துகொண்டு வாழ்ந்தவர். 1885-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நள்ளிரவில் அவ்வீடு தீப்பற்றியது. கீழே நின்ற மக்கள் குதித்துவிடு என்று கத்தினார்கள். அவர் மெத்தையொன்றைச் சன்னல் வழியே தள்ளி, சகோதரியின் சிறு பெண்கள் மூவரையும் ஒவ்வொருவராக அதன்மேல் இறக்கிவிட்டார். தாம் குதித்தபோது வலுவிழந்து விழுந்து சில நாட்களில் உயிர் நீத்தார். ஐந்தாண்டுகள் கழித்து அவருடைய அண்டை வீட்டார் கூடத்திற்கு வந்து அண்ணாந்து பார்த்தபோது தங்கள் தெருப் பெண்ணையே கண்டார்கள். இது நம்முடைய கூடம் என்ற எண்ணம் அவர்களுக்கு ஏற்படாமல் இருக்குமா?

1895-ஆம் ஆண்டில் அழகிய நிலங்களையும் பழம்பெரும் கட்டிடங்களையும் மக்களுக்காகக் காக்கும் தேசிய அறக்கட்டளையை இங்கிலாந்தில் நிறுவிய மூவருள் அம்மையாரும் ஒருவர். 1912-ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் இது வெறும் புகழ்ச்சிக் கதையாகிவிடும். முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தத் தோட்டம் தன் உருவை இழந்தது. குளமும் மேடையும் மறைந்தன. வளைந்த பாதைகள் போய், வெறும் புல்லும் தார்த் தளமுமாக அது மாறியது. பராமரிக்க எளிது என்பதைத் தவிர அதற்கு வேறு சிறப்பில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. பிறகு பேங்க்சைடு பகுதி மக்களின் திறந்தவெளி அறக்கட்டளை அதைக் கையிலெடுத்தது. பழைய படங்களையும் குறிப்புகளையும் பார்த்து, குளத்தையும் பாத்திகளையும் திரும்ப அமைத்து, 2006-ஆம் ஆண்டில் மீண்டும் திறந்து வைத்தார்கள். தொண்டர்கள் முறை வைத்துத் தோட்ட வேலை செய்கிறார்கள்.

ஆக்டேவியா அம்மையார் நமது கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தவர். நல்ல சமாரியன் உவமையைக் கூறிய ஆண்டவர், நன்மை எங்கிருந்து வந்தாலும் கற்றுக்கொள் என்றே நமக்குப் போதித்தார்.

நமது நிலத்திற்கு இந்த வரலாறு கூறுவது

முதலாவதாக, கூடத்தைச் சுற்றிய நிலத்தைக் கூடத்தின் ஓர் அறையாகவே கருத வேண்டும். வாடகை கொடுக்க இயலாதவர் வந்து அமரக்கூடிய அறை அது ஒன்றே.

இரண்டாவதாக, நடுவது எளிது, காப்பது அரிது. இதற்குச் சதர்க் வரை போக வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நமது திருவிழாவையொட்டி வளாகத்தில் மரக்கன்றுகள் நட்டோம். புகைப்படம் எடுத்தோம். அறிவிப்பில் நன்றியும் கூறினோம். அடுத்த தவக்காலத்திற்குள் பெரும்பாலானவை கருகிவிட்டன. மீதியை ஆடு மேய்ந்தது. தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்று நான் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. குற்றம் ஆட்டின் மீதல்ல.

மூன்றாவதாக, எதை எங்கே நடுவது என்பதை அறிந்து நட வேண்டும். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் 1967-ஆம் ஆண்டில் ராபினாட் தாவர உலர்மாதிரி நிலையத்தை நிறுவிய இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ அடிகளார், தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களை ஊர் ஊராகச் சென்று சேகரித்து 1980-களில் பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். நமது மண்ணுக்கு உரியது எது என்று அறிய அத்தகைய உழைப்பு நம்மிடையே இருக்கிறது. வேம்பு, புங்கு, பூவரசு, மகிழம் ஆகியவை நமது வெயிலையும் வறட்சியையும் தாங்கி வளர்பவை. பூவுக்காக நாம் விரும்பும் குல்மொகர் போன்றவை விரைவில் வளரும். காற்றுக்கு விரைவில் ஒடியும். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னைச் சாலைகளில் இத்தகைய மரங்கள் பெருமளவில் விழுந்ததைப் பார்த்தோம். எந்த மரமானாலும் சுவரை ஒட்டி நடலாகாது. அடித்தளத்திலிருந்து குறைந்தது 15 அடியாவது தள்ளி நட வேண்டும்.

நான்காவதாக, தண்ணீர். நமது மாநிலத்தில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. 2,000 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 9,000 லிட்டர் கிடைக்கும். நிலம் முழுவதும் கல் பதித்துவிட்டால் இத்தண்ணீர் வெளிவாசல் வழியாகத் தெருவுக்கு ஓடி, தாழ்வான பகுதியில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளுக்குள்ளேதான் போகும். நிலத்தைக் கூடத்திலிருந்து வெளிப்புறமாகச் சற்றே சரித்து, தாழ்ந்த மூலையில் குழி வெட்டி, செங்கல் ஜல்லியும் கூழாங்கல்லும் நிரப்பினால், அது மண்ணுக்குள் இறங்கும். சேற்றுக்கும் பரிகாரம் அதுவே.

ஒரு நியாயமான கேள்வி

இவற்றையெல்லாம் பங்குப் பேரவையில் எடுத்துக் கூறியபோது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "சாமி, நிழல் நல்லதுதான். ஆனால் நிழல் வாடகை தருமா? கூடத்து வாடகையிலிருந்துதானே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறோம்? வாடகை குறைந்தால் எந்தப் பிள்ளையின் பெயரை எடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

சபை அமைதியாகிவிட்டது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஏழைகளுக்காக நிலத்தை விடுகிறோம் என்று சொல்லி ஏழைப் பிள்ளையின் கட்டணத்தில் கை வைப்பது அறமாகாது. அன்று நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு கூட்டங்களுக்குப் பின் நாங்கள் எடுத்த முடிவு இது: வடக்குப் பக்கம் ஒரு பட்டையளவு நிலத்தில் மட்டும் ஜல்லி பரப்பி வாகனங்களுக்கு விடுவது. வெளிவாசலிலிருந்து கூடத்துக் கதவு வரை, முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் தடுக்கி விழாமல் வர, சமமான கல் பாதை ஒன்று அமைப்பது. வேப்பமரத்தைச் சுற்றி அமரத்தக்க திண்ணை கட்டுவது. மற்றப் பகுதியில் நிழல் மரங்களும், ஓரத்தில் துளசி, நொச்சி, ஆடாதோடை முதலிய மூலிகைகளும். பின்புறத்தில் ஒரு மூலையை, புனித பிரான்சிஸ் கேட்டதுபோல, தொடாமல் விட்டுவிடுவது.

வாடகை வருமானம் ஓரளவு குறையும். அதை ஒளிக்கவில்லை. குறைகின்ற தொகையை ஈடுகட்ட மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டாம் காணிக்கையைக் கல்வி உதவிக்கென ஒதுக்குவதாக முடிவு செய்துள்ளோம். அக்கேள்வியைக் கேட்ட பெரியவரே அதன் கணக்கைப் பார்க்க இசைந்திருக்கிறார். ஒரு பிள்ளையின் பெயரும் பட்டியலிலிருந்து எடுக்கப்படக் கூடாது. இந்த நிழலின் விலையை ஏழைகள் செலுத்தாமல் நாம் செலுத்துவோம்.

பங்கு மக்களிடம் மேலும் ஒன்று வேண்டுகிறேன். ஒவ்வோர் அன்பியமும் இரண்டு மரங்களைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும். மூன்று கோடைகள் கடந்துவிட்டால் மரம் தானே நிற்கும். அந்த மூன்று கோடைகளுக்கு வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றுவதற்கும் கூண்டைப் பார்த்துக்கொள்வதற்கும் ஆட்களின் பெயர் எழுதி ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். முதற்பெயர் என்னுடையதாக இருக்கும். நான் மாற்றலாகிப் போனால் அடுத்து வரும் பங்குத்தந்தையின் பெயர் அவ்விடத்தில் எழுதப்படட்டும்.

முடிவாக ஒரு சொல். மனிதனைப் படைத்த இறைவன் அவனை முதலில் குடியமர்த்திய இடம் ஒரு தோட்டம். அதனைப் பண்படுத்திக் காக்கும் வேலையை அவனுக்குத் தந்தார். ஆண்டவர் உயிர்த்த காலையிலும் கல்லறையைச் சூழ்ந்திருந்தது தோட்டமே. அங்கே அழுதுகொண்டு நின்ற மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினார். அது முற்றிலும் தவறான எண்ணம் அன்று என்று திருத்தந்தை பெரிய புனித கிரகோரியார் தம் மறையுரையில் விளக்கினார். மரியாவின் உள்ளத்தில் நற்பண்புகளின் விதைகளை நட்டவர் அவரே அல்லவா?

நமது பங்கின் அடுத்த ஜூபிலியைக் கொண்டாடும்போது நம்மில் பலர் இருக்கமாட்டோம். அன்றும் ஏதோ ஒரு முகாமுக்காக மக்கள் வரிசையில் நிற்பார்கள். வரிசை நேராக நிற்கட்டும், வளைந்து நிற்கட்டும். எங்கே நின்றாலும் அவர்கள் தலைக்கு மேலே நிழல் இருக்கட்டும். படைப்பின் ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும், நீங்கள் நீர் ஊற்றும் கன்றுகளையும் ஆசீர்வதிப்பாராக!

இறைப்பணியில் உங்கள்,
பங்குத்தந்தை